ஆறாவது நைட் முடிந்த காலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்

கேள்வி, சுருக்கமாக: கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 29. இரவு 8 முதல் காலை 8 வரை டூட்டி. தொடர்ந்து ஆறு நைட், அப்புறம் ஒரு ஆஃப். முப்பது படுக்கைக்கு இரண்டு பேர்தான். வீட்டுக்கு வர 9.15 ஆகிவிடுகிறது. படுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை. கால் கடுப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். நேற்று நாலு வயது மகளை அடித்துவிட்டேன். எட்டு வருஷமாகப் பார்த்த வேலையை விட்டுவிடலாமா அக்கா?

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடுவதா வேண்டாமா என்று இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். நான் 1997-ல் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டு தடவை ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டுமே நைட் வாரத்தின் கடைசிக் காலையில் எழுதியவை. ஆஃப் முடிந்து, நன்றாகத் தூங்கி எழுந்து படித்துப் பார்த்தபோது முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். சில வருஷம் கழித்து எழுதிய இரண்டாவதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் தூங்கி எழுந்த பிறகு கொடுத்தேன், அதுதான் முக்கியம். நீங்களும் மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் கீழே சொல்வதைச் செய்து பாருங்கள். அப்போதும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால், தெளிந்த மனசோடு விடலாம்.

நீங்கள் எழுதியதை எல்லாரும் களைப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அதற்குள் நாலு விஷயம் கலந்து கிடக்கிறது. தூக்கக் கடன், அதாவது நாள்கணக்கில் சேர்ந்துபோன தூக்கக் குறை, காலும் இடுப்பும், ரத்தத்தில் ஏதாவது குறை, அப்புறம் மனசு. காய்ச்சலோடு வருகிறவருக்கு எதனால் காய்ச்சல் என்று பார்க்காமல் பாராசிட்டமாலே கொடுத்துக்கொண்டிருந்தால் நாம் சும்மா இருப்போமா? நமக்கு மட்டும் எல்லாரும் ‘ரெஸ்ட் எடு’ என்ற ஒரே மாத்திரையைக் கொடுக்கிறார்கள். ஆஃபில் இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினால் தெளிந்துவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் தூக்கக் கடன். எவ்வளவு தூங்கினாலும் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்றால் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். உடம்பு தெளிந்திருந்தும் வார்டு வாசலைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறது, நோயாளி கூப்பிட்டாலே கோபம் வருகிறது என்றால் மனசு. உங்களுக்கு நாலுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற மாதிரித் தெரிகிறது.

தூக்கத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது சரியாகாமல் மற்றது எதுவும் சரியாகாது. பகலில் தூக்கம் வராதது உங்கள் குறை கிடையாது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அதிகாலை நாலு மணி வாக்கில் உடம்புச் சூடு அடிமட்டத்துக்கு இறங்கும். வார்டில் அந்த நேரத்தில்தான் நமக்குக் குளிர்கிறது, கண் சொருகுகிறது, கேஸ் ஷீட்டில் எழுத்து கோணுகிறது. விடிந்ததும் சூடு ஏறத் தொடங்கிவிடும். நீங்கள் படுக்கப் போகிற பத்து மணிக்கு உடம்பு ‘எழுந்திரு, வேலையைப் பார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் எவ்வளவு அசதியாக இருந்தாலும் பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைவிட ஒன்றிரண்டு மணி நேரமாவது குறைகிறது. ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் தூங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வராத தூக்கத்தை நினைத்தே மிச்சத் தூக்கமும் போகும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நேரத்துக்கு இப்படிச் சொல்வேன். 9.15-க்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குப் படுங்கள். வெறும் வயிற்றில் படுத்தால் பன்னிரண்டு மணிக்குப் பசி எழுப்பிவிடும், வயிறு முட்டச் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் எழுப்பும். இரண்டு மணி வரை கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மகளோடு இருங்கள், சாப்பிடுங்கள். மூன்றரைக்கு மறுபடி படுத்து ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். இந்த இரண்டாவது தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், ராத்திரி மூன்று மணிக்கு உங்களை விழிப்போடு நிற்கவைப்பது அதுதான். ஏன் மூன்றரை என்று கேட்பீர்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை உடம்பு தானாகவே கொஞ்சம் தளரும். ஆறு, ஏழு மணிக்குப் படுத்தால் தூக்கம் லேசில் வராது, அது உடம்பு விழிப்பாக இருக்கிற நேரம். இன்னொன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்திருந்தால் வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்புவது தூங்காததைவிட மோசம். எத்தனையோ நர்ஸ்கள் மாமியாரோடு சண்டை போட்டது இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். ஐந்து மணிக்கு எழுந்து முகம் கழுவிவிட்டால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

அறையை இருட்டாக்குங்கள். திரை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய கறுப்புப் போர்வையை நாலு ஆணியில் ஜன்னலுக்கு மாட்டினால் போதும். ஃபேன் சத்தம் நல்லது, தெருவில் காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கூவுவதை அது அமுக்கிவிடும். போனை அணைத்துவிட்டு, மகள் படிக்கும் பள்ளியிலும் உங்கள் வீட்டுக்காரரிடமும் இன்னொரு எண்ணைக் கொடுத்து வையுங்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவைப் படுக்கும் முன் திறக்கவே கூடாது. ‘பதினாலாம் பெட் கேஸ் ஷீட் யார் எழுதினது’ என்று ஒரு வரி பார்த்தால் போதும், அன்றைய தூக்கம் முடிந்தது.

வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் ஆஃப் நாளில் உட்கார்ந்து பேசுங்கள், நைட் முடிந்து வந்த எரிச்சலில் பேசாதீர்கள். ‘டாக்டர் எட்டு மணிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொன்னால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று பத்து மணிக்குக் கொடுக்க முடியுமா? என் தூக்கமும் அப்படி நேரம் போட்ட மருந்துதான்’ என்று சொல்லுங்கள். என் மாமியாருக்கு இது புரிந்தது. ‘பகலில் தூங்குகிறாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் ‘ராத்திரி பூரா முழிச்சிருந்த பிள்ளை, எழுப்பாதீங்க’ என்று சொன்னார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைசி நைட் முடிந்த காலையில் மட்டும் கணக்கு வேறு. அன்றைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தூங்கி மதியம் எழுந்துவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். வெளியே கொஞ்சம் வெளிச்சத்தில் நடங்கள். இரவு ஒன்பதுக்குப் படுத்தால் மறுநாள் காலை மனுஷியாக எழுந்திருப்பீர்கள். ஆஃப் நாளைப் பகல் முழுக்கத் தூங்கிக் கழித்தால் ராத்திரி விழித்துக் கிடந்து, ஆஃபும் நைட் மாதிரியே போய்விடும்.

தூக்க மாத்திரை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். மருந்து டிரேயில் பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் இருக்கும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை அவில் இருக்கும். ‘பாதி மாத்திரைதானே’ என்று ஆரம்பித்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி வெளியே வர ஒன்றரை வருஷம் ஆனது. அல்பிரசோலம் சில வாரங்களிலேயே உடம்பைப் பழக்கப்படுத்திவிடும், அப்புறம் அது இல்லாமல் தூங்கவே முடியாது. நீங்களாக எதுவும் எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள், ஒரு மனநல டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

அடுத்தது, வீட்டுக்கு வருகிற வழி. ஸ்கூட்டியில் வருகிறீர்களா? எழுதவில்லை. ஸ்கூட்டி என்றால் நைட் வாரத்தில் மட்டுமாவது பஸ்ஸுக்கு மாறுங்கள். 1997-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஒப்பீடு செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் தடுமாறும் அளவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். மதியம் சரியாகத் தூங்காமல் டூட்டிக்குப் போன நர்ஸ் மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது 20 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பாள். என் முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. சிக்னலில் நின்றிருந்த வண்டியின் மேல் போய் மோதினேன், மோதிய பிறகுதான் விழித்தேன். ஐந்து விநாடிகூட இருக்காது. எதிரே லாரி வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. பஸ் கிடைக்காத இடமென்றால், கிளம்பும் முன் டூட்டி ரூமில் இருபது நிமிஷம் தூங்கிவிட்டு வண்டியை எடுங்கள். பஸ்ஸில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் காலை வெயில் மூளையை எழுப்பிவிடாமல் இருக்கும். வண்டி ஓட்டும்போது அது வேண்டாம், தூக்கத்தைக் கூட்டும்.

சரி, டூட்டி நேரத்துக்கு வருவோம். இரண்டு பேர் இருக்கிறீர்கள். நைட் சூப்பர்வைசரிடம் கேட்டு, இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம் மாற்றி மாற்றிப் படுக்க முடியுமா என்று பாருங்கள். இதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை. நீண்ட தூரம் பறக்கும் விமானிகளிடம் நாசா செய்த ஆய்வில் 40 நிமிஷ இடைவேளை கொடுத்தார்கள், அவர்கள் சராசரியாக 26 நிமிஷம் தூங்கினார்கள். அதற்கே அவர்களின் விழிப்பு தெளிவாகக் கூடியிருந்தது. ஜப்பானில் நீண்ட நைட் பார்க்கும் நர்ஸ்களுக்கு நடுவில் தூங்க இடைவேளை விடும் வழக்கம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுந்த உடனே இன்சுலின் சிரிஞ்சைக் கையில் எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் மூளை பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். முகம் கழுவி, ஒரு ரவுண்ட் நடந்துவிட்டு வாருங்கள்.

காபியை நைட்டின் முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நாலரை மணிக்கு அட்டெண்டர் அண்ணன் ஆசையாக வாங்கிக்கொண்டு வரும் காபி, பத்து மணிக்கு நீங்கள் படுக்கும்போது பாதி அளவுக்கு உடம்பில்தான் இருக்கிறது. ஒரு மணிக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் சூடாக ஏதாவது வேண்டும் போலிருந்தால் பால் குடியுங்கள், சுக்குத் தண்ணீர் குடியுங்கள்.

சாப்பாட்டை ஏழு மணிக்குள் வீட்டில் முடித்துவிடுங்கள். பன்னிரண்டு, ஒரு மணிக்கு ஒரு சின்னச் சாப்பாடு போதும். சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, இரண்டு இட்லி, மோர், வாழைப்பழம், இப்படி ஏதாவது. ராத்திரியில் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் பகலைவிடக் குறைவு. பதினோரு மணி பரோட்டாவும் சால்னாவும் இரண்டு மணிக்குக் கண்ணைச் சொருகவைக்கும், பத்து வருஷத்தில் சர்க்கரை நோயையும் கொண்டுவந்து விடலாம்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? கேதீட்டர் போட்ட நோயாளிக்கு மணிக்கு மணி யூரின் அளவைக் குறித்துவைக்கிறோம். நாம் கடைசியாக எப்போது போனோம் என்று கேட்டால் நமக்கே தெரியாது. டாய்லெட் தூரம், வார்டை விட்டுப் போக முடியாது என்று தண்ணீரைக் குறைத்துக் குறைத்து யூரின் இன்ஃபெக்‌ஷனோடு அலையும் நர்ஸ்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். தலைவலியும் அசதியும் பாதி அதனால்கூட இருக்கலாம். மருந்து ரவுண்ட் முடியும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைட்டல்ஸ் பார்க்கக் கிளம்பும் முன் டாய்லெட் போய்விட்டு வாருங்கள். பீரியட்ஸ் நாளில் பேட் மாற்ற அஞ்சு நிமிஷம் கேட்பதற்கு யாரிடமும் கூச வேண்டாம்.

காலுக்கு: முழங்கால் வரை வந்து காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் என்ற உறை மருந்துக்கடையில் கிடைக்கும். டூட்டிக்குக் கிளம்பும் முன்பே, கால் வீங்குவதற்கு முன் போட வேண்டும். காலில் ரத்த ஓட்டப் பிரச்சினையோ சர்க்கரையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஷூ வாங்கச் சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது சரியாக இருப்பதுதான் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தினால் அது வேறு தொந்தரவு, அதை விட்டுவைக்காமல் காட்டுங்கள். இடுப்புக்கு ஒரே வார்த்தைதான்: தனியாக யாரையும் தூக்காதீர்கள், நோயாளிக்கு அடியில் டிராஷீட் என்ற குறுக்குத் துணியைப் போட்டு இரண்டு பேராக நகர்த்துங்கள். ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. நம் காலும் அவர்கள் கால் மாதிரிதான். எழுதுகிற வேலையை எல்லாம் உட்கார்ந்து எழுதுங்கள். யாராவது ‘சிஸ்டர் உட்கார்ந்தே இருக்கிறார்’ என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ரத்தப் பரிசோதனையை வாசிக்காமல் தாண்டிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். தினமும் மற்றவர்களின் எச்.பி. (ஹீமோகுளோபின்) ரிப்போர்ட்டைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிற நமக்கு நம்முடைய எச்.பி. தெரியாது. நான் ஒரு வருஷம் முழுக்க ‘டூட்டி அசதி’ என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன். ஒருநாள் வார்டில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தபோது, கூட இருந்த ஜூனியர் பெண் பிடிவாதமாக ரத்தம் எடுத்தாள். எச்.பி. 7.8. மாதாமாதம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்த உதிரத்தை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. சிகிச்சை எடுத்து மூன்று மாதத்தில் அதே வார்டு, அதே நைட், ஆனால் நான் வேறு ஆளாக இருந்தேன். எச்.பி., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12, வைட்டமின் டி, இவ்வளவும் பாருங்கள். பகல் வெயிலே படாத நமக்கு வைட்டமின் டி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபியோடு சேர்க்காதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக ஏறும்.

இப்போது மகள் விஷயம். அடித்ததை நினைத்து நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று தெரியும். நாலு வயதுக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்கலாம், புரியும். ‘அம்மா தூங்காமல் இருந்தேன், அதனால் கோபம் வந்தது, அடித்தது தப்பு’ என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய், யூனிஃபார்மை மாற்றிக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்குவது. இன்ஃபெக்‌ஷனுக்காகவும் அது நல்லது. அந்தப் பதினைந்து நிமிஷம் வார்டு அம்மா வீட்டு அம்மாவாக மாறுவதற்கும் வேண்டும். அதுவரை வேறு யாராவது அவளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வார்டு நம்மோடு வீட்டுக்கு வருவது ஓவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைப்பது, சரியாகக் கொடுக்காததால்தான் பல நேரம். ‘பத்தாம் பெட்டுக்கு இன்சுலின் போட்டதை எழுதினேனா?’ என்று படுத்த பிறகு மின்னல் அடிக்கும், அதோடு தூக்கம் போய்விடும். எனக்கு உதவியது இது: ஓவர் கொடுத்து முடித்த பிறகு மூன்றே மூன்றை மறுபடி பார்ப்பேன். இன்சுலின், ஏறிக்கொண்டிருக்கும் ரத்தம், பூட்டி வைக்கிற மருந்தின் கணக்கும் சாவியும். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன். அதையும் மீறி வீட்டில் சந்தேகம் வந்தால், படுத்துப் புரளாமல் வார்டுக்கு ஒரே ஒரு போன். கேட்டுத் தெரிந்துகொண்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

ஆனால் சில இரவுகளை எந்த ஓவரிலும் கொடுத்துவிட முடியாது. அதிகாலை ஒரு சின்னப் பையன் இறந்து, அவன் உடம்பைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டுத் திரும்பினால், அடுத்த படுக்கைப் பாட்டி பெட்பேன் கேட்டார். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குத் தோசை சுட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அழுகை வந்தது, அதுவும் பஸ்ஸில். அப்படிப்பட்ட நாளில் கிளம்பும் முன் கூட இருந்த நர்ஸோடு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். ‘அந்தக் குழந்தையின் அம்மா கத்தியது காதிலேயே இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளும் அதையேதான் சுமந்துகொண்டிருப்பாள். வீட்டில் சொன்னால் பயந்துபோவார்கள், அல்லது ‘உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே’ என்பார்கள். கூட நின்றவளுக்குத்தான் அது புரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ம் பதிப்பில் வேலையால் வரும் இந்த உருக்குலைவை (பர்ன்அவுட்) தனியாகவே எழுதியிருக்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று தோன்றுவது. உங்கள் கேள்வியில் முதல் இரண்டின் சாயல் தெரிகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லை, காரணமில்லாமல் அழுகை, ‘செத்துவிட்டால் நிம்மதி’ என்ற எண்ணம், இதில் எது இருந்தாலும் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நாம் மருந்துகளுக்கு நடுவில் வேலை பார்க்கிறவர்கள். அந்த எண்ணம் வந்தால் நமக்கு ஆபத்து மற்றவர்களைவிட அருகில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவை. ஆனால் உங்கள் களைப்பில் பெரிய பங்கு ரோஸ்டருடையது, அதாவது டூட்டிப் பட்டியலுடையது. முப்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ் என்றால் ஆளுக்குப் பதினைந்து பேர். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. ஒரு நர்ஸுக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது, நர்ஸ் உருக்குலையும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. இன்னொரு ஆய்வு 2004-ல் வந்தது. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்த ஷிஃப்டுகளில் தவறு நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், ‘எனக்கு முடியவில்லை’ என்று போனால் ‘எல்லாருக்கும்தான் முடியவில்லை’ என்று பதில் வரும். ‘நோயாளிக்கு ஆபத்து’ என்று போனால் நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் காது கொடுத்தே ஆக வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். தொடர்ந்து மூன்று, அதிகம் போனால் நாலு நைட். நைட் வாரம் முடிந்ததும் இரண்டு நாள் ஆஃப். ஷிஃப்ட் மாற்றும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றுவது, ஏனென்றால் உடம்புக்குப் பின்னால் போவதைவிட முன்னால் போவது சுலபம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே நர்ஸ்களுக்கென்று ஒரு பரிந்துரை எழுதியது. ஓவர்டைம் சேர்த்தும் ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 12 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைந்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் வேலை நேரமும் விடுப்பும் அரசு நர்ஸ்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரைதான், எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் கையில் ஒரு தாள் இருப்பது பேச்சுக்குப் பலம்.

இன்சார்ஜாக இருந்து ரோஸ்டர் போடுகிறவள் என்ற முறையிலும் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கும் ஆள் கிடையாதுதான். ஆனால் ஆறு நைட்டை மூன்று, மூன்றாகப் பிரிக்கக் கூடுதல் ஆள் தேவையில்லை, கொஞ்சம் கவனமாக உட்கார்ந்து போட வேண்டும், அவ்வளவுதான். என் வார்டில் பிரித்துப் பார்த்தேன், திடீர் லீவு குறைந்தது. காலை எட்டு மணிக்கு ‘ஆள் வரவில்லை, டபுள் பாருங்கள்’ என்று அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், ‘பன்னிரண்டு மணி நேரம் முடித்துவிட்டேன், இதற்கு மேல் மருந்து கையாள்வது பாதுகாப்பில்லை, எழுதித் தருகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்தும் விட வேண்டும் என்றே தோன்றினால், இந்த வார்டை விடுவதா, நர்சிங்கையே விடுவதா என்று பிரித்துப் பாருங்கள். டயாலிசிஸ், ஓ.பி., தடுப்பூசிப் பிரிவு, பகல் நேர எண்டோஸ்கோபி, நர்சிங் கல்லூரியில் கற்பிப்பது என்று நைட் குறைவான, அல்லது இல்லாத இடங்கள் இருக்கின்றன. அரசு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இருங்கள். எட்டு வருஷ மெடிக்கல் வார்டு அனுபவம் லேசானது இல்லை, எங்கே போனாலும் அதற்கு மதிப்பு உண்டு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டே. ஜன்னலுக்குப் போர்வை மாட்டுங்கள். ஆஃப் நாளில் காலை வெறும் வயிற்றில் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். ரிசல்ட் வந்ததும் எச்.பி. எவ்வளவு, டி.எஸ்.எச். எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.